ஐஸ் வாளியும் அரிசி வாளியும்
இணையச் சவால்கள் குறித்து ஓர் அரிசி வியாபாரியின் சிந்தனை

"சவால்" என்பது தமிழ்ச் சொல் அன்று. அரபியில் பிறந்து, உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல். தமிழில் சவால் விட்டான் என்றால் போட்டிக்கு அழைத்தான் என்று பொருள். 1987இல் நான் ஜீடிமெட்லாவுக்கு வந்து அரிசிக்கடை போட்ட புதிதில், உருது பேசும் வாடிக்கையாளர் ஒருவர் "ஏக் சவால் ஹை, சேட்" என்றார். சண்டைக்கு வந்துவிட்டாரோ என்று பயந்துவிட்டேன். அவர் கேட்டதெல்லாம் புழுங்கல் அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் வைக்க வேண்டும் என்பதுதான்! உருதுவில் சவால் என்றால் கேள்வி. அதுமட்டுமில்லை, வேண்டுகோள் என்றும் பொருள் உண்டு. "சவாலி" என்றால் கேட்டு வந்தவர், கையேந்தி நிற்பவர்.

ஆக ஒரே சொல்லுக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள். போட்டிக்கு அழைப்பவர், கேள்வி கேட்பவர், கையேந்துபவர். இன்றைக்கு நம் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கும் "சேலஞ்ச்" வீடியோக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த மூவரும்தான் என் முன்னே வந்து நின்றார்கள். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். படித்ததும் பார்த்ததும் கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

தபால் கார்டு காலம்

இணையம் வந்த பிறகுதான் இந்தச் சங்கிலி விளையாட்டு வந்தது என்று நினைப்பவர்கள் நம் வயதுக்காரர்கள் அல்லர். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் நான் பள்ளிக்கூடம் போன நாளில், பத்துப் பைசா கார்டு ஒன்று வரும். பிறகு அதுவே பதினைந்து பைசா கார்டாக வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்காது. ஏதோ ஒரு சாமியின் மகிமையைச் சொல்லி, இதைப் படித்தவர் பத்துப் பேருக்கு இதே போல எழுத வேண்டும், எழுதினால் லாபம், கிழித்துப் போட்டால் நஷ்டம் என்று முடிந்திருக்கும். எங்கள் தெருவில் இந்தக் கார்டுக்குப் பயந்து ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு எழுதியவர்கள் உண்டு. என் அப்பா மட்டும் அதை வாங்கி அடுப்புக்குள் போடுவார். "பயந்து செய்யற காரியம் புண்ணியத்துல சேராதுடா" என்பார்.

கார்டின் சூத்திரம் எளியது. ஒருவர் பலருக்கு அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு கெடு உண்டு, மீறினால் ஒரு விளைவு உண்டு. இணையச் சவாலின் சூத்திரமும் இதுதான். கார்டு சாமியைக் காட்டிப் பயமுறுத்தியது. இணையமோ நண்பர்கள் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தைப் பிடித்து இழுக்கிறது. பயத்தின் இடத்தில் கூச்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி மனத்துக்கு மனம் தாவிப் பரவும் எண்ணத்துக்கு "மீம்" என்று ஒரு பெயரை 1976இலேயே ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற ஆங்கில உயிரியல் அறிஞர் வைத்துவிட்டார். கேலிப் படத்துக்கு இன்றைய பிள்ளைகள் சொல்லும் மீம் அதிலிருந்து வந்ததுதான். யூடியூபில் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரல் 23இல். அதற்கு 29 வருஷம் முன்பே பெயர் பிறந்துவிட்டது.

ஐஸ் வாளி

2014ஆம் வருஷம் கோடையில் அமெரிக்காவில் கிளம்பியது ஐஸ் பக்கெட் சேலஞ்ச். ஐஸ்கட்டி போட்ட தண்ணீரை ஒரு வாளி எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். அதை வீடியோ எடுத்துப் போட்டு, சிலரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று பேர். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நன்கொடை தர வேண்டும். பலர் இரண்டும் செய்தார்கள்.

இது வெறும் கூத்து என்று தள்ளிவிட முடியாது. ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். தசைகளை இயக்கும் நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து, கை கால் செயலிழந்து, கடைசியில் மூச்சும் முட்டும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோய் இதுதான். இந்நோயால் பாதிக்கப்பட்ட இரு இளைஞர்கள், பீட் ஃப்ரேட்ஸ், பேட் குவின் ஆகியோர், அந்தச் சவாலைத் தங்கள் நோய்க்கான நிதி திரட்டலாக ஊரெங்கும் பரப்பினார்கள். ஃபேஸ்புக்கில் ஏறிய வீடியோக்கள் மட்டும் 1.7 கோடிக்கு மேல். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு அந்த ஒரு கோடையில் சேர்ந்த தொகை 11.5 கோடி டாலர். அந்தப் பணத்தின் ஒரு பகுதி உதவிய ஆராய்ச்சியில், 2016இல், நோயோடு தொடர்புடைய நெக்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. ஃப்ரேட்ஸ் 2019 டிசம்பரிலும் குவின் 2020 நவம்பரிலும் காலமானார்கள். அவர்கள் போனாலும் அவர்கள் கிளப்பிய காரியம் மிச்சம் நிற்கிறது.

மூன்று பேர் கணக்கு

இது எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது? வியாபாரிக்குக் கணக்குத்தான் பாஷை, அதிலேயே சொல்கிறேன்.

சதுரங்கப் பலகையும் தானியமும் கதை எல்லாருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 மணி. எந்த ராஜாவின் களஞ்சியமும் தாங்காது.

இங்கே இரட்டிப்பு இல்லை, மும்மடங்கு. ஒருவர் மூன்று பேரை அழைக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள். அழைத்தவர் எல்லாரும் ஏற்றுக்கொண்டால், முதல் நாள் 3, இரண்டாம் நாள் 9, பத்தாம் நாள் 59,049. பதினைந்தாம் நாள் 1,43,48,907. அதாவது ஒன்றரைக் கோடியை நெருங்கிவிட்டோம். இருபத்தோராம் நாள் ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது, உலகில் அவ்வளவு மனிதர் கிடையாது.

ஆகவே எந்த இணையச் சவாலும் புயலாய் வந்து தூறலாய் ஓய்ந்துதான் தீர வேண்டும். பலர் மறுப்பார்கள், அழைத்தவரையே திரும்ப அழைப்பார்கள், அலுத்துப் போவார்கள். 2011 நவம்பரில் நம் தமிழ்ப் பாட்டு "கொலவெறி" வந்தபோது ஷாப்பூர் நகர் டீக்கடையில் தெலுங்குப் பையன்களெல்லாம் அர்த்தம் தெரியாமலே பாடினார்கள். நமக்கும் உள்ளூரப் பெருமை. சில மாசத்தில் அந்தப் பையன்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். இணையத்தின் இயல்பு அது. ஓய்ந்த பிறகு என்ன மிஞ்சியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஹைதராபாத் சொன்ன பதில்

அதே 2014 ஆகஸ்டில், ஐஸ் வாளி இந்தியாவுக்கும் வந்தது. நம் நகரத்துப் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி அவர்கள் அதைப் பார்த்தார். உலக அரிசிச் சந்தை பற்றிய செய்தித் தளத்தில் பணியாற்றியவர். தண்ணீர்க் குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்கும் தேசத்தில் தண்ணீரைத் தலையில் கொட்டுவது பொருந்தாது என்று அவருக்குப் பட்டது. வாளியை வைத்துக்கொண்டார், உள்ளே இருப்பதை மாற்றினார். "ரைஸ் பக்கெட் சேலஞ்ச்" பிறந்தது. ஒரு வாளி அரிசியை உங்கள் பக்கத்தில் இருக்கும் தேவையுள்ளவருக்குக் கொடுங்கள், படம் எடுத்துப் போடுங்கள், நண்பர்களை அழையுங்கள். இதுதான் விதி. சில நாட்களில் ஃபேஸ்புக்கில் பல்லாயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள். அயல்நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின.

அதே சமயம் கேரளத்தில் நடிகர் மம்மூட்டி "மை ட்ரீ சேலஞ்ச்" என்று மரம் நடச் சொல்லி அழைத்தார். அவர் அழைத்தவர்களில் நம் விஜய்யும் சூர்யாவும் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஐஸ் வாளியில் தண்ணீர் விழுவது என் தலையில். நோயாளி வேறெங்கோ இருக்கிறார், பணம் வேறு வழியாகப் போகிறது, படத்தில் இருப்பவன் நான் மட்டும். அரிசி வாளியில் எதிரே இன்னொரு மனிதர் நிற்கிறார். காரியம் நேரடியாகிறது, இடையில் சங்கம் இல்லை, வங்கி இல்லை. ஆனால் அந்த எதிராளும் படத்துக்குள் வந்துவிடுகிறார். இதன் வினையைப் பின்னால் சொல்கிறேன்.

வாளியில் எத்தனை கிலோ?

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் அளந்தே பார்த்தேன். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் தலை தட்டி அரிசி கொட்டினால் சுமார் 16 கிலோ பிடிக்கும். உடம்பால் உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று வைத்தால், நான்கு பேர் குடும்பத்துக்குப் பத்து நாள் சாப்பாடு. 2013ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாசம் 5 கிலோ தானியம் என்று வகுத்தது. அந்தக் கணக்கில் ஒரு வாளி, மூன்று பேரின் ஒரு மாச ரேஷன்.

ஆகவே வாளி அற்பமும் இல்லை, சர்வரோக நிவாரணியும் இல்லை. பத்து நாள் அரிசி பத்து நாளில் தீர்ந்துவிடும், பதினோராம் நாள் யாரும் வீடியோ எடுக்க வருவதில்லை.

சேற்றில் ஆடியவர்கள்

விதியை மாற்றிச் சவாலை ஏற்கலாம் என்பதற்கு நம் தெலங்கானாவிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 2018இல் கனடா நாட்டுப் பாடகர் டிரேக்கின் பாட்டு ஒன்றுக்கு ஆடும் "கிகி சேலஞ்ச்" வந்தது. ஆடுவதோடு நிற்காமல், ஓடும் காரிலிருந்து இறங்கி ரோட்டில் ஆடுவது என்று அது முற்றியது. விழுந்து அடிபட்டவர்கள் பல தேசத்தில். ஹைதராபாத் உட்படப் பல நகரங்களில் போலீசார் எச்சரிக்கை விட்டார்கள்.

அப்போது ஜகித்தியால் மாவட்டம் லம்பாடிபள்ளியில் "மை வில்லேஜ் ஷோ" என்ற யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காருக்குப் பதில் ஏர்மாடு, தார் ரோட்டுக்குப் பதில் நாற்று நடத் தயாராகும் சேற்று வயல். அனில் கீலா என்ற இளைஞரும் பிள்ளி திருப்பதி என்ற விவசாயியும் மாட்டோடு மாடாய் நடந்து சேற்றில் ஆடினார்கள். இயக்கியவர் ஸ்ரீராம் ஸ்ரீகாந்த். ஒருவருக்கும் காயம் இல்லை, உலகமே பார்த்துச் சிரித்தது. தடையால் மட்டும் இந்த வெள்ளத்தை அடக்கிவிட முடியாது. 2019 ஏப்ரலில் நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் டிக்டாக் செயலிக்குத் தடை சொல்லி, அதே மாசத்தில் நீக்கியது. 2020 ஜூன் 29இல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. டிக்டாக் போயிற்று, குட்டி வீடியோ போகவில்லை, வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. லம்பாடிபள்ளிக்காரர்கள் காட்டிய வழி வேறு. சவாலை அப்படியே விழுங்காமல், விதியில் எது கெடுதல் என்று பார்த்து அதைத் தட்டி எடுத்தார்கள்.

என் கடையில் நடந்தது

இனி என் சொந்தக் குற்றம் ஒன்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜீடிமெட்லாவில் கம்பெனி ஷட்டர்களெல்லாம் இறங்கின. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளிகள் ஒரே அறைக்குள் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடைந்து கிடந்தார்கள். குடோனில் அரிசி இருந்தது. சிப்பங்களைப் பிரித்து ஐந்து ஐந்து கிலோவாகப் பை போட்டுக் கொடுத்தேன். என் பேரன் அப்போது கல்லூரி மாணவன். "தாத்தா, வீடியோ போட்டா இன்னும் நாலு பேர் கொடுக்க வருவாங்க" என்றான். நியாயமாகத்தான் பட்டது. போட்டான், உண்மையாகவே நாலு பேர் வந்தார்கள். ஒருவர் எண்ணெய் டின் கொண்டு வந்தார், ஒருவர் பருப்பு. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்த வீடியோவில் என் முகம் எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

வரிசையில் எங்கள் ஹமாலி ஒருவரும் நின்றார். பல வருஷம் என் கடையில் மூட்டை இறக்கியவர். கேமரா வந்தபோது துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டார். கொரோனாவுக்குப் பயந்து மூடினார் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துக் கடை பின்பக்கமாக வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "சேட், அரிசி நல்லா இருந்தது. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க. எங்க ஊர்ல யாரோ என் பொண்ணுகிட்ட காட்டிட்டாங்க. அப்பா அங்க பிச்சை எடுக்கறாரான்னு கேட்டு அழுவுது."

பேரன் உடனே எடுத்துவிட்டான். ஆனால் எத்தனை கைபேசிக்குப் போயிற்றோ, அதை யார் எடுப்பது? என் கடையில் ஒரு மூட்டை கூடச் சிந்தாமல் இறக்கியவர் அவர். கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டதில்லை. அவரைச் சவாலி ஆக்கியது பசி அல்ல, ஐந்து கிலோ அரிசியும் அல்ல, என் வீடியோ. ரயில் விட்டதும் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

பழைய நெறி என்ன சொல்கிறது?

சமண நெறியில் தானம் நான்கு. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம். உணவு, மருந்து, அறிவு, அஞ்சேல் என்னும் அடைக்கலம். நான் சின்ன வயசிலிருந்து இவற்றை நான்கு தனித்தனிச் சரக்காக நினைத்திருந்தேன். அந்த ஹமாலி போன பிறகுதான் உறைத்தது. அபயம் இல்லாமல் கொடுத்த ஆகாரம் அரை தானம்தான். எங்கள் முனிவர்களுக்கு ஆகாரம் கொடுக்கும்போது கொடுப்பவன்தான் வணங்குவான், வாங்குபவர் அல்லர். முனிவருக்கு ஒரு மரியாதை, மூட்டை தூக்குபவருக்கு ஒரு மரியாதையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

திருக்குறளின் வரிசையையும் பாருங்கள். 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23 ஈகை, 24 புகழ். ஈகைக்குப் பின்னால்தான் புகழ் வருகிறது. முன்னால் வந்து கேமராவோடு நிற்கவில்லை. அத்தோடு விடாமல், பொருட்பாலில் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரம் (106, 107) கேட்பவர் பக்கம் நின்று பேசுகின்றன. வாங்குபவனுக்கும் ஒரு மனசு உண்டு என்பது ஐயனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஊரறியக் கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் போச்சம்பள்ளி. 1951 ஏப்ரல் 18இல் வினோபா பாவே அங்கே வந்தார். நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் 80 ஏக்கர் கேட்டார்கள். ராமச்சந்திர ரெட்டி என்பவர் கூட்டத்தில் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அந்தச் சொல் பரவித்தான் பூதான இயக்கம் ஆயிற்று. ஊரறியச் சொன்னதால் பரவியது. ஆனால் அங்கே கேட்டவர்கள் தலைநிமிர்ந்து, தாங்களே வாய் திறந்து கேட்டவர்கள். மறைந்து நின்றவரை யாரும் இழுத்துவந்து காட்டவில்லை.

பிடி அரிசி

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள் பெண்கள். மாசக் கடைசியில் எல்லா வீட்டுக் கலயமும் ஒரே சாக்கில் கொட்டப்படும். எது யார் வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது. வாங்குபவர் இன்னாருக்குக் கடமைப்பட்டவர் என்றும் ஆகாது.

என் கைப்பிடியைத் தராசில் வைத்தேன், 50 கிராமுக்குக் குறையவில்லை. நூறு வீடு, முப்பது நாள் என்றால் 150 கிலோ. ஒன்பது வாளிக்கு மேல்! ஒவ்வொரு மாசமும் வரும், இருபத்தோராம் நாள் ஓயாது. இணைய வாளிக்கு இல்லாத நிலைப்பு இதற்கு உண்டு. இதற்கு இல்லாத வேகம் இணையத்துக்கு உண்டு. இரண்டையும் சேர்க்க முடியாதா?

முடியும் என்று என் பேரன் சொல்கிறான். அவனும் நானும் உட்கார்ந்து வகுத்த விதிகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்:

1. சங்கத்துக் குடும்பங்கள் தினம் ஒரு பிடி அரிசி ஒதுக்க வேண்டும். மாசம் ஒருமுறை சேர்ப்பது. தூற்றி, கல் பொறுக்கி, மூட்டை கட்டும் பொறுப்பு என் கடையுடையது.

2. வீடியோ எடுக்கலாம், நண்பர்களை அழைக்கலாம். கலயத்தைக் காட்டலாம், தராசைக் காட்டலாம், போடும் கையைக் காட்டலாம். வாங்கும் கையையும் முகத்தையும் காட்டக் கூடாது.

3. கேட்டு வருபவரிடம் கார்டு கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. ஊரடங்கின்போது எல்.பி. நகரில் ராமு தோசபாடி என்பவர் நடத்திய "ரைஸ் ஏ.டி.எம்." போல, பசித்து வந்தவர் வாங்கிப் போக ஓர் இடம் இருந்தால் போதும்.

சவால் என்றால் கேள்வி என்று சொன்னேன் அல்லவா? இணையத்தில் எந்த அழைப்பு வந்தாலும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை முதலில் கேட்கட்டும். இதைச் செய்தால் யாருக்கு அடிபடும்? யார் வயிறு நிறையும்? படத்தில் இருப்பவர் எல்லாரும் சம்மதித்தார்களா? பதில் சரியாக இருந்தால் தாராளமாக ஆடட்டும், நானும் கைதட்டுகிறேன். சரியில்லை என்றால் விதியை மாற்றி ஆடட்டும், லம்பாடிபள்ளிப் பிள்ளைகள் போல.

முதல் கலயம் என் வீட்டில் வைத்தாயிற்று. இந்த மலரைப் படிப்பவர்களில் மூன்று பேரை அழைக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், கெடுவும் கிடையாது.